மட்டக்களப்புக் கால்களும் சுவிஸ் பனிமலையும்

தம்பியோ மகளோ சுவிஸில் இருப்பதால் பனிக்காலத்தில் அங்கே போகும் மட்டக்களப்புப் பெண்கள் பலர், மலையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மனம் கிடந்து அடிக்கிறது. ஐம்பது வயதிலும் ஸ்கீ, அதாவது காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் சறுக்குவது, பழகலாம் அக்காமாரே. எழுபதைத் தாண்டியும் சறுக்கும் பெண்கள் அங்கே உண்டு. மலை பிடித்துப்போவதும் வெறுத்துப்போவதும் தொடையையும் சப்பாத்தையும் பொறுத்தது.

தொடையை இங்கேயே தயார்செய்யுங்கள். சறுக்கும் நேரமெல்லாம் முழங்கால் மடிந்தபடிதான் உடம்பைத் தாங்கும். நம் ஊர் தட்டை நிலம். அந்தத் தசைக்கு வேலையே இல்லை. ஆறேழு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல 30 விநாடி, மூன்று தடவை. பிறகு படியில் ஒரு காலில் நின்று மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள், காலுக்குப் பத்துத் தடவை. கல்லடி மணலில் நடப்பது கணுக்காலுக்கு நல்லது.

சப்பாத்தை வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். அளவு சென்ரிமீற்றரில் இருக்கும்: பாதம் 24 என்றால் 24 அல்லது 24.5. நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்பக்கம் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடித்ததும் விட்டுவிட வேண்டும். நோகிறது என்று பெரிய அளவு கேட்பதுதான் பெரும் பிழை. உள்ளே கால் ஆடினால் ஸ்கீ சொல்வழி கேட்காது. குளிருக்குப் பயந்து இரண்டு மேஸ் போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் விறைக்கும். நீளமான மேஸ் ஒன்றே போதும். பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை தாழ்ந்திருப்பதால், மேல்விளிம்பு தாழ்ந்த, பெண்களுக்கான சப்பாத்தையே கேளுங்கள்.

கடைக்காரர் நிறை, உயரம், வயது கேட்பார். வெட்கப்பட்டுக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். விழும்போது ஸ்கீ எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டைத் திருகுவார்கள். இறுக்கம் கூடினால் ஸ்கீ கழலாமல் முழங்கால் முறுகும். குறைந்தால் சும்மா நிற்கையிலேயே கழன்றுவிடும்.

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகி உடம்பைக் குளிரவைக்கும். கம்பளியோ பொலியெஸ்ரரோ போடுங்கள். பின்னலையும் சால்வையையும் ஜக்கெற்றுக்குள் விடுங்கள். மலையில் ஏற்றிவிடும் லிஃப்ற்றில் சிக்கினால் ஆபத்து. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் நாடிக்கு அடியிலும் கிறீம் பூசுங்கள். நம் நிறமும் எரியும்.

சறுக்கத் தொடங்கும்போது முதலில் ஸ்கீகளின் முன்நுனிகளைக் கிட்டவாக்கி, பின்பக்கத்தை அகட்டி, கலப்பைபோல நில்லுங்கள். முழங்கால் முன்னே, கெண்டையின் முன்னெலும்பு சப்பாத்தை அழுத்தியபடி. வலது காலில் பாரம் கொடுத்தால் இடப்பக்கம் திரும்புவீர்கள். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னே சாயும்; அந்தக் கணமே ஸ்கீ கைமீறும்.

விழுந்தால் விழுந்தபடியே சறுக்கி ஓய விடுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போது எழும்ப முயன்றால் முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம்; அந்த ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். நின்றபிறகு ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழும்புங்கள். தொடை நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். லிஃப்ற்றிலேயே கீழே இறங்குங்கள்.