ஊஞ்சலடியில் ஒரு வெள்ளிக்காசு

மார்ச் 30, 2024, சனி

பனி உருகி இரண்டு வாரம் ஆகிறது. ஓஹையோவில் டேட்டன் நகரை ஒட்டிய எங்கள் சிற்றூரின் பூங்காவில் இன்று கூட்டம். ஊஞ்சலுக்கு அடியில், பிள்ளைகளின் கால்கள் உரசி உரசிப் பள்ளமான இடத்தில், என் மகன் ஒரு பத்து சென்ட் காசைப் பொறுக்கினான். கறுத்துக் கிடந்தது. வீட்டில் கழுவிப் பார்த்தால் 1957.

"இது தாத்தாவைவிடப் பழையதா அப்பா?"

இல்லை, தாத்தாவுக்கு ஆறு வயது இளையது என்றேன். காசை இறுக்கி மூடிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், இயந்திரப் பட்டறையில் நாற்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காசைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. விளிம்பை மட்டும் பார்த்தார். "செம்புக் கோடு இல்லை. வெள்ளி" என்றார். 1964 வரை ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965இல் வந்த நாணயச் சட்டம் பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் இருந்து வெள்ளியை முற்றாக எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு செம்பு நடுவில், நிக்கல் கலந்த தகடு இரு பக்கமும். அதனால்தான் இன்றைய காசின் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடுகிறது.

மேலே கிடந்ததே இது என்றால் மண்ணுக்குள் என்னென்ன இருக்கும்! மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பெரியவர் தம் கொட்டகையிலிருந்து பழைய கருவி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். "வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் இதோடு நடந்து பாருங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று மண் சொல்லும்."

ஏப்ரல் 2, செவ்வாய்

கருவிக்கு முன் அனுமதி. இதில் பெரியவர் கண்டிப்பானவர்.

தேசியப் பூங்காச் சேவையின் நிலங்களில் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். பயன்படுத்தக்கூடிய நிலையில் உடன் வைத்திருப்பதற்கும் தடை. எங்கள் பகுதியில் இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. ரைட் சகோதரர்கள் விமானத்தைத் திருப்பவும் வட்டமடிக்கவும் பழகிய ஹஃப்மன் புல்வெளி, டேட்டனின் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே போகும் நாளில் காரிலிருந்து கருவியை இறக்கி வைத்துவிட்டுத்தான் போவேன். அந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன். அந்த மண்ணில் கிடக்கும் ஓர் ஆணிகூட, கிடக்கும் இடத்தோடு சேர்ந்துதான் பொருள் தரும்.

ஊர்ப் பூங்காக்களுக்கு அந்தந்த ஊரின் விதி. எங்கள் பூங்காத் துறையைத் தொலைபேசியில் கேட்டேன். புல் வெட்டிப் பராமரிக்கும் இடங்களில் தேடலாம், பூப்பாத்தியிலும் பேஸ்பால் திடலின் உள்வட்டத்திலும் கூடாது என்றார்கள். பள்ளிக்கு எழுத்தில் விண்ணப்பம் கேட்டார்கள். வார இறுதியில் மட்டும், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று முழுச் சூரிய கிரகணம். மதியம் மூன்று மணி தாண்டியதும் பூங்கா இருண்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. புல்லில் போர்வை விரித்துப் படுத்திருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, பைகளிலிருந்து சரியும் சில்லறையும் என் நினைவில் ஓடியது என்பதை எழுதத்தான் வேண்டும்.

இன்று வேலை முடிந்ததும் அங்கே இரண்டு மணி நேரம். 31 இடங்களில் தோண்டினேன். ஒரு சென்ட் பதினொன்று, பத்து சென்ட் நான்கு, கால் டாலர் மூன்று, ஐந்து சென்ட் ஒன்றே ஒன்று. மொத்தம் ஒரு டாலர் 31 சென்ட். கூடவே இரண்டு பாட்டில் மூடி, ஒரு பொம்மைக் கார், ஒன்பது டின் வளையம்.

ஒரு சென்ட் காசுகள் பார்க்கப் பரிதாபமாக இருந்தன. 1982 வரை அவை செம்பு. அந்த ஆண்டில் துத்தநாகத்துக்கு மாறி, மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும் மிஞ்சியது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஈர மண் துத்தநாகத்தைத் தின்றுவிடுகிறது. சில காசுகள் எலி கடித்த அப்பளம்போல வந்தன.

வளையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்பான டின்னைத் திறக்க வளையத்தைப் பிடித்து இழுத்தால் மூடித்துண்டு தனியாகக் கையோடு வந்துவிடும், அந்தக் காலத்து வளையம். அதைக் காப்புரிமையோடு உலகுக்குக் கொடுத்தவர் இதே டேட்டனில் கருவிப் பட்டறை நடத்திய எர்மல் ஃப்ரேஸ். 1959இல் குடும்பத்தோடு வெளியே போனபோது டின் திறப்பானை மறந்துவிட்டு, காரின் பம்பரில் மோதித் திறக்க வேண்டியிருந்ததாம். 1963இல் காப்புரிமை. பக்கத்து ஊரான கெட்டரிங்கில் அவர் பெயரில் திறந்தவெளி அரங்கமே இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் டின்னோடு ஒட்டி நிற்கும் மூடி வரும்வரை, அமெரிக்கா குடித்துவிட்டு வளையத்தைப் புல்லில் எறிந்தது. அலுமினியம் மக்கவில்லை. இன்று கருவியின் ஒலியில் ஐந்து சென்ட் காசின் குரலில் பேசுவது அதுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

காலை முழுக்கக் கருவிகளின் விவரங்களைப் படித்தேன்.

அடிப்படை எளியது. கருவியின் நுனியில் தட்டுப்போல இருக்கும் கம்பிச்சுருளில், அதாவது காயிலில், ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. காசில் பட்டால் காசுக்குள்ளேயே சிறு சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதன் எதிர்வினையை இரண்டாவது காயில் வாங்குகிறது. திரும்பி வருவது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கொண்டு உலோகத்துக்கு ஓர் எண் கொடுக்கிறது. வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் பெரிய எண். ஐந்து சென்ட் நிக்கல் காசும் அலுமினியத் துண்டும் மெல்லிய தங்க மோதிரமும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன.

1881இல் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று தேட, அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கொண்டுவந்த கருவியும் இதே வழியில் வந்ததுதான். மெத்தையின் கம்பிச் சுருள்கள் குழப்பின. குண்டு வலப்பக்கம் என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்துபோனார். அவரும் ஓஹையோக்காரர். பழைய பூங்காவில் காசுக்குப் பக்கத்தில் ஆணி கிடக்கும்போதெல்லாம் அந்த மெத்தை நினைவுக்கு வருகிறது.

விற்பவர்கள் ஆழத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு வாரம் தோண்டிய பிறகு எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. நான் எடுத்த காசு எல்லாமே நான்கு அங்குலத்துக்குள். பூங்காவில் ஓர் அடிக் குழி தோண்ட யார் விடுவார்கள்? விட்டாலும் அந்தப் புல் பிழைக்குமா? ஆழம் விலை ஏற்றுகிறது, எனக்குப் பயன்படுவதில்லை. எனக்கு வேண்டியது, குப்பைக்கு நடுவில் காசைப் பிரித்துச் சொல்லும் வேகம். ஆணியின் ஒலி முடிந்த கணமே பக்கத்துக் காசுக்குக் காதைத் திறக்க வேண்டும். காயிலும் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய காயில் ஆணியையும் காசையும் ஒன்றாகப் பார்த்து ஒரே முணுமுணுப்பாக்கிவிடுகிறது.

அடுத்தது அதிர்வெண். குறைந்த அதிர்வெண் வெள்ளிக்கும் செம்புக்கும் நல்லது. கூடினால் நிக்கலும் சிறு தங்கமும் தெளியும். கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300 என்ற கருவி எட்டு கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12. மூன்று மீட்டர் நீருக்குள்ளும் போகும். மைன்லேபின் எக்ஸ்டெர்ரா புரோவில் 5, 8, 10, 15 என்று மாற்றிக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் வான்குவிஷ் வரிசை பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஈக்வினாக்ஸ் 900 போன்றவை என் கணக்கைத் தாண்டியவை. 400 டாலர் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம், அதில் குழிக்குள் காசு இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கருவியும் தோண்டும் கத்தியும் அடக்கம்.

ஏப்ரல் 20, சனி

பெரியவரின் காய்கறிப் பாத்தியில் பரீட்சை. 1964ஆம் ஆண்டுக் கால் டாலர் ஒன்றை ஐந்து அங்குலத்தில் புதைத்தார். ஐந்து சென்ட் நான்கு அங்குலத்தில், பக்கத்தில் ஓர் ஆணி. கொஞ்சம் தள்ளி ஒரு டின் வளையம். அவருடைய நண்பர்கள் இருவர் ஒரு சிம்ப்ளெக்ஸையும் ஒரு வான்குவிஷ் 440ஐயும் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு காலைப்பொழுதை அந்நியன் ஒருவனுக்காகச் செலவழித்த அவர்களுக்கு என் நன்றி.

கால் டாலரை எல்லாக் கருவியும் கண்டன. வேறுபாடு ஐந்து சென்ட்டில்தான். வான்குவிஷில் அது 12, 13 என்று அங்கேயே நின்றது. வளையமோ ஒவ்வொரு வீச்சுக்கும் 11, 14, 16 என்று தாவியது. ஆணியை ஒதுக்க அவர்கள் காட்டிய வித்தை: கேட்ட இடத்தை ஒரு முறை வடக்கு தெற்காக வீசு, பிறகு கிழக்கு மேற்காக. காசு இரண்டிலும் ஒரே குரலில் பேசும். ஆணி திசை மாறினால் குரல் மாறும்.

என் மனைவியும் இரண்டையும் அரைமணி நேரம் வீசிப் பார்த்தாள். இடுப்பில் வைத்த குடம் கனக்காது, நீட்டிய கையில் சொம்புகூடக் கனக்கும் என்றாள். வான்குவிஷ் 440தான் இலேசு, ஒரு கிலோ 200 கிராம். எடையில் வேறுபாடு சிறிதுதான், ஆனால் அவள் கைக்கு அது தெரிந்தது. அவளும் வருவாள் என்பதால் அந்தக் கை சொல்வதும் கணக்கில் உண்டு.

ஏப்ரல் 27, சனி

மன்னார்குடியிலிருந்து தம்பி பேசினான். "அண்ணா, ஊருக்கு வரும்போது அதை எடுத்துக்கொண்டு வா. குளத்துமேட்டில் பார்க்கலாம்." வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். சோழர் மண்ணில் தோண்டுவது தொல்லியல் படித்தவர்களின் வேலை. எனக்கு இங்கே பள்ளிப் பிள்ளைகள் தொலைத்த சில்லறை போதும்.

மே 4, சனி

வான்குவிஷ் 440 வாங்கிவிட்டேன். அதில் ஐந்து சென்ட் இருக்கும் எண்ணை ஒதுக்காமல் விட்டேன். வளையங்களுக்குப் பயந்து அதை மூடிவிட்டால் ஐந்து சென்ட்டும் மோதிரமும் சேர்ந்து போய்விடும். மேலிருக்கும் பெட்டி நீர் புகாதது அல்ல, மழையில் எடுக்கக் கூடாது. அது எனக்குக் குறை இல்லை; மழையில் நான் தோண்டப்போவதில்லை.

பள்ளியின் அனுமதிக் கடிதம் சட்டைப் பையில். காலை ஏழு மணி. மின்கம்பிகளுக்குக் கீழே கருவி ஓயாமல் கலகலத்தது. சத்தம் ஒதுக்கும் பொத்தானை அழுத்தியதும் அடங்கியது. வேலிக்கம்பங்களுக்கு ஒரு கஜம் தள்ளியே நடந்தோம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் புதுச் சில்லறை நிறைய. பிள்ளைகள் சறுக்கும் மேட்டின் அடிவாரத்தில் பின்புறம் கோதுமைக் கதிர் பொறித்த 1946ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு ஒன்று.

பிறகு பழைய வாசலுக்கு எதிரில், 13க்கும் 14க்கும் நடுவே ஒரு குரல். இரண்டு திசையிலும் ஒன்றுதான். மகன் மண்டியிட்டுக் குதிரை லாட வடிவில் புல்லை மூன்று பக்கம் அறுத்தான். நான்காவது பக்கத்தைக் கீல்போல விட்டு மடக்கினான். வெளியே வந்தது சாம்பல் படிந்த ஐந்து சென்ட். பின்புறம் ஜனாதிபதி ஜெஃபர்சனின் வீட்டுக் கூரைக்கு மேலே பெரிய 'P' எழுத்து. 1943.

போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் 1942இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை இந்தக் காசில் நிக்கலே இல்லை. செம்பு 56 பங்கு, வெள்ளி 35, மாங்கனீசு 9. பிலடெல்பியா நாணயச்சாலை தன் எழுத்தை முதன்முதலாகக் காசில் பொறித்ததும் இதில்தான். பெரியவரிடம் காட்ட ஓடினோம். அவர் நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். தாம் பிறந்த ஆண்டு என்றார்.

மே 18, சனி

பள்ளிக்குத் திரும்பப் போனோம், முதலில் பழைய குழிகளைப் பார்க்க. பதினேழு குழிகள்; மகன் படம் வரைந்து வைத்திருந்தான். பதினாறில் புல் பிடித்துவிட்டது, கையால் இழுத்தாலும் வரவில்லை. ஒன்றில் மட்டும் ஓரம் மஞ்சளித்திருந்தது. கொண்டுபோன நீரை ஊற்றி மிதித்துவிட்டோம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் புல்லை அறுத்தால் பிழைக்காது என்பதால் அந்த மாதங்களில் மரச்சீவல் போட்ட விளையாட்டுத் திடல் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மூலையிலிருக்கும் பெரிய ஓக் மரத்தடியில் 31 என்று ஓர் எண். அசையவில்லை. எந்தத் திசையில் வீசினாலும் அதே நீண்ட, இனிய ஒலி. கால் டாலர், அநேகமாக வெள்ளி. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான்கு அங்குலம் தோண்டியதும் கட்டைவிரல் தடிப்பில் வேர் குறுக்கே ஓடியது. கைக்கருவியை வேருக்கு அடியில் நுழைத்தால் அதிர்ந்தது, அங்கேதான் இருக்கிறது. விரலால் துழாவினேன், எட்டவில்லை.

"வேரை வெட்டலாமா அப்பா?"

இல்லை என்றேன். துண்டில் குவித்திருந்த மண்ணை ஒரு துளி விடாமல் குழிக்குள் கொட்டி, புல்லை மடக்கி அழுத்தினோம். அவன் தன் படத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே 31 என்று எழுதிக்கொண்டான்.