நின்றுபோன ஹோட்டல் சம்பளத்தை வாங்கிய கதை

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரூம் வேலை பார்த்தேன். சீசன் முடியும் நேரம் இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனது. கேட்டால், "அடுத்த கிழமை பாப்பம் தம்பி" என்பார் மனேஜர். வேலையை விட்டு வந்த பிறகும் அதே பதில்தான். ஏப்ரலில் ஆள் எடுத்து, மழை தொடங்க அனுப்பிவிடுகிற இடங்களில் கடைசி மாதச் சம்பளம்தான் இழுபடும். எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் அதைக் கைவிட்டே போயிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுதான் சட்டம். சுற்றுலாக்காரர் வரவில்லை, ஹோட்டல் நட்டம் என்பதெல்லாம் சாட்டு.

திருகோணமலை நகரத்தில் இருக்கிற லேபர் ஒஃபிஸுக்குப் போனேன். முறைப்பாடு கொடுக்கக் காசு கட்டத் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். "நியமனக் கடிதம் இல்லாமல் போய் என்ன செய்யப் போறாய்?" என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். என்னிடம் அது இல்லைதான். ஆனால் வங்கிப் புத்தகத்தில் முந்தைய மாதங்களில் சம்பளம் விழுந்த வரிகள் இருந்தன. வாட்ஸ்அப்பில் மனேஜர் அனுப்பிய டியூட்டி அட்டவணைகளும், என் பெயர் தெரிகிற மாதிரி, இருந்தன. எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் புத்தகத்தின் அந்த வரிகளில் பேனையை வைத்து, "வேலை செய்ததுக்கு இது அத்தாட்சிதானே" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

விசாரணைக்கு இரு பகுதியையும் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னமே ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. பாதிக் காசு தருகிறோம், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. வீட்டில் எவ்வளவு முடை இருந்தாலும் அந்தக் கடதாசியில் கைவைக்காதீர்கள். வாங்குவது பாதி என்றால் பாதி என்றே எழுதி வாங்குங்கள்.

விசாரணையில், ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைப் பதிகிற வரவுப் புத்தகத்தையும் சம்பளப் பதிவையும் கொண்டுவரச் சொன்னதும் அவர்களின் பேச்சு மாறியது. அப்புறம்தான் இன்னொன்று வெளியே வந்தது. ஈ.பீ.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று என் சம்பளத்தில் 8 வீதம் வெட்டியிருக்கிறார்கள், கணக்கில் கட்டவில்லை. அவர்கள் தங்கள் பங்காகப் போட வேண்டிய 12 வீதமும், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் இல்லை. சம்பளம் தராததைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. என் காசையே வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்களே! சம்பள நிலுவையோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சம்பளம் உத்தியோகத்தர் முன்னால் முழுதாகக் கைக்கு வந்தது. முதலாளி மறுத்தால் தொகையைக் கணக்கிட்டு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, தண்டப்பணம் போல அறவிட முடியும் என்று சொன்னார்கள். வேலையை விட்டே நிறுத்தினார்கள் என்றால் அது வேறு வழக்கு. தொழில் நியாய மன்றத்துக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

ஈ.பீ.எஃப் நிலுவை இன்னும் நடக்கிறது. லோண்டரியில் நின்ற அக்காவும் இப்போது தன் வங்கிப் புத்தகத்தோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறா.