ஆலம் நாட்குறிப்பு: ஜூன், ஜூலை 2025

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் ஊசி. மூன்று கூட்டம் பிளாக்-6 என்ற ஆய்வக வகை எலிகள். முதல் கூட்டத்துக்கு ஓவால்புமின் மட்டும். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் அதே புரதம்தான், எங்கள் துறையில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பழைய ஆன்டிஜென், அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்க்கும் பொருள். இரண்டாவது கூட்டத்துக்கு அதோடு ஆலம். மூன்றாவதுக்கு ஆலமும், பாக்டீரியா டிஎன்ஏ மாதிரி செய்த துணுக்கான சிபிஜியும். புரதத்தின் அளவு மூன்றுக்கும் ஒன்றே, தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் அட்ஜுவன்ட் மட்டும்தான் மாறுகிறது.

ஆலம் என்று நாங்கள் சொல்வது அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ்மம், பார்க்க நீர்மோர் மாதிரி இருக்கும். நடுநிலை பிஹெச்சில் அதற்கு நேர்மின்னூட்டம், ஓவால்புமினுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டையும் கலந்து அரைமணி நேரம் சுழலவிட்டால் புரதம் துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதா என்று பார்க்க ஒரு துளியைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்த நீரில் புரதம் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்தோம். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நல்லது.

மாணவி கேட்டாள்: "மேடம், எதுக்கு இவ்வளவு விலை கொடுத்து எண்டோடாக்ஸின் இல்லாத ஓவால்புமின் வாங்கணும்? சாதாரணமானது பத்தில் ஒரு பங்குகூட வராதே." சாதாரணமானதில் பாக்டீரியா உறையின் துணுக்குகள் கலந்திருக்கும். அந்தத் துணுக்கே ஒரு அட்ஜுவன்ட். அட்ஜுவன்ட் போடாத கூட்டம் என்று எழுதிவிட்டு, தெரியாமலே ஒன்றைப் போட்டிருப்போம். அந்தக் காலத்துக் கட்டுரைகள் சிலவற்றை நான் நம்பாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஜூன் 5, வியாழன்

முந்தாநாள் பேச்சு இன்று மதிய சாப்பாட்டிலும் தொடர்ந்தது. ஆலம் எங்கிருந்து வந்தது என்று புதுப்பையன் கேட்டான்.

1920களில் பாரிஸில் காஸ்டன் ரமோன் தொண்டை அடைப்பானுக்கான எதிர்நச்சைக் குதிரைகளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடம் சீழ்பிடித்து வீங்கிய குதிரைகளிடம் எதிர்நச்சு அதிகம் கிடைப்பதைக் கவனித்தார். சரி, வீக்கத்தை நாமே உண்டாக்குவோம் என்று மரவள்ளி மாவு, ரொட்டித் தூள், செடிகளில் இருக்கும் நுரைக்கும் பொருளான சப்போனின் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கலந்து பார்த்தார். வேலை செய்தது. 1926இல் லண்டனை அடுத்த வெல்கம் ஆய்வகத்தில் அலெக்ஸாண்டர் கிளென்னியின் குழு அதே நோயின் டாக்ஸாய்டை, அதாவது வீரியம் முடக்கிய நச்சை, படிகாரத்தால் வீழ்படிவாக்கிக் கினிப் பன்றிகளுக்குப் போட்டது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாக விற்கிறதே, கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதே படிகாரம்தான். கினிப் பன்றிகளில் எதிர்ப்புத் திறன் நன்றாக ஏறியது. அடுத்த வருடம் இந்த வித்தைக்கு நூறு வயது. அதன்பின் சுமார் எழுபது ஆண்டுகள் மனிதர்களுக்கான தடுப்பூசிகளில் பரவலாகப் புழங்கிய அட்ஜுவன்ட் அலுமினிய உப்பு ஒன்றுதான். எம்எஃப்59 என்ற ஸ்குவாலீன் எண்ணெய்க் குழம்பு 1997இல் இத்தாலியில் அனுமதி பெற்ற பிறகே போட்டிக்கு ஆள் வந்தது.

ஆலம் எப்படி வேலை செய்கிறது? ஊசி போட்ட இடத்தில் ஆன்டிஜெனைத் தேக்கிவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது என்பது கிளென்னி சொன்ன விளக்கம். பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் 2012இல் ஒரு குழு, ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்தையே வெட்டி எடுத்துப் பார்த்தது. கிருமியையும் நச்சையும் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி குறையவில்லை. 2008இல், செல்லுக்குள் அழற்சியைத் தூண்டும் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டுதான் காரணம் என்று கட்டுரைகள் வந்தன. அந்த மரபணு இல்லாத எலிகளிலும் ஆன்டிபாடி சரியாகவே வருகிறது என்று பிறகு வேறு ஆய்வகங்கள் காட்டின. சாகும் செல்களிலிருந்து கொட்டும் டிஎன்ஏதான் சைகை என்று 2011இல் இன்னொரு விளக்கம். என் கணிப்பு: இவற்றில் பல ஒரே நேரத்தில் நடக்கின்றன, எலிக்கு எலி விகிதம் மாறுகிறது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு இன்னும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பயன்படுவது முதலில் வரும், விளக்கம் பின்னால் வரும். மருத்துவத்தில் பாதி இப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கோபம் வந்த நாள். இரண்டாவது ஊசிக்கான புது ஆலம் பார்சல் வந்தது. பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக்குகள் கல் மாதிரி உறைந்து நேராகப் பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். கூரியர்காரர்களுக்கு எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு.

ஆலம் உறைந்தால் கெட்டது. பனிப்படிகம் வளரும்போது துகள்களை நெருக்கித் தள்ளி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். திரும்ப உருக்கினாலும் பிரியாது. ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட், டெட்டனஸ் எல்லாவற்றிலும் ஆலம் இருப்பதால்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவற்றை ஃப்ரீசரில் வைக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். சூடானதைக் காட்டப் பாட்டில் மேல் நிறம் மாறும் விவிஎம் ஸ்டிக்கர் உண்டு. உறைந்ததை அந்த ஸ்டிக்கர் காட்டாது.

அதற்குத்தான் குலுக்கல் சோதனை. அதே லாட்டிலிருந்து ஒரு பாட்டிலை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கினோம். அதையும் சந்தேகப் பாட்டிலையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். உறைந்த பாட்டிலில் சில நிமிடங்களிலேயே சிறு சிறு செதில்கள் தெரிந்து, கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. சந்தேகப் பாட்டிலும் அடி பிறழாமல் அதே வேகத்தில் தெளிந்தது. பழைய லாட் மட்டும் கலங்கியபடியே நின்றது. மைக்ரோஸ்கோப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு நர்ஸ் நின்ற இடத்திலேயே செய்துவிடலாம். பல லட்ச ரூபாய்க் கருவிகளுக்கு நடுவில் எனக்குப் பிடித்த சோதனை இதுதான்.

பார்சல் திரும்பப் போனது. பழைய லாட்டில் மிச்சம் இருப்பது இரண்டாவது ஊசிக்குப் போதும்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தை போன் செய்தார். ஊரில் மாமாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் சிங்கம் எழுதியாகிவிட்டதாம். "எழுதினா எரிச்சல் கொஞ்சம் அடங்குதுங்கறாரு. இதுக்கு ஊசி இருக்காமே, நீ அதுலதானே வேலை பாக்கற?" என்றார். முதலில் டாக்டரிடம் போய் வைரஸ் மாத்திரையைத் தொடங்கச் சொன்னேன், கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் என்றால் நல்லது. ஊசி இப்போது வேண்டாம், எல்லாம் ஆறிய பிறகு பார்க்கலாம். அத்தைக்கும் சேர்த்துப் போடலாம் என்றதும், "எனக்கு எதுக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

அக்கி ஊசியைப் போல அட்ஜுவன்ட்டின் வேலையைக் காட்டும் உதாரணம் வேறு இல்லை. பழைய ஊசியான ஸாஸ்டாவாக்ஸில் வலுவிழந்த உயிர் வைரஸ் முழுசாக இருந்தது. அறுபது தாண்டியவர்களிடம் அதன் பாதுகாப்பு ஏறத்தாழ 51 சதவீதம், எழுபது தாண்டினால் அதிலும் கீழே. 2017இல் வந்த ஷிங்ரிக்ஸில் வைரஸே இல்லை. ஜிஇ என்ற ஒரே ஒரு புரதம், 50 மைக்ரோகிராம், கூடவே ஏஎஸ்01 என்ற அட்ஜுவன்ட். எழுபது தாண்டியவர்களிடமும் பாதுகாப்பு சுமார் 90 சதவீதம். வயதானால் நோயெதிர்ப்பு மண்டலம் தளர்ந்துவிடும், ஒன்றும் செய்ய முடியாது என்று வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இந்த ஊசி பொய்யாக்கிவிட்டது.

ஏஎஸ்01இல் இரண்டு சரக்கு. ஒன்று எம்பிஎல், சால்மோனெல்லா பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்து நச்சை நீக்கியது. இன்னொன்று க்யூஎஸ்-21, சிலி நாட்டில் வளரும் குயில்லாயா மரத்தின் பட்டையிலிருந்து வரும் சப்போனின். ரமோன் அன்றைக்குக் கலந்து பார்த்த அதே வகைப் பொருள். தனியாக விட்டால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கொலஸ்ட்ரால் சேர்த்த லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழியில் கட்டிப்போட்டால் சாதுவாகிவிடும். இரண்டும் சேர்ந்து போனால் சில மணி நேரத்தில் நிணநீர்க் கணுவில் இன்டர்ஃபெரான்-காமா என்ற நோயெதிர்ப்புச் சைகைப் புரதம் சுரக்கிறது. தனித்தனியாகப் போட்டால் அப்படி நடப்பதில்லை. இதற்கு விலையும் உண்டு: ஒன்றிரண்டு நாள் கை வலி, காய்ச்சல், அசதி. அத்தையிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது ஊசி முடிந்தது. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

செவ்வாயன்று எலிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் இன்று எலைசா, ஆன்டிபாடியின் அளவை நிறத்தால் காட்டும் சோதனை. தட்டில் ஓவால்புமினைப் பூசி, சீரத்தைப் படிப்படியாக நீர்த்து ஊற்றி, கழுவி, நொதி ஒட்டிய ஆன்டிபாடியைப் போட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் தரும் டிஎம்பி. ஆலம் வரிசைகள் நீலமாக ஏறின. சிபிஜி வரிசைகளும் அதே நீலம். அமிலம் விட்டதும் எல்லாம் மஞ்சள். 450 நானோமீட்டரில் படித்தால் ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி வகையான ஐஜிஜியின் மொத்த அளவு இரண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே கோடு. "அப்போ சிபிஜி போட்டது வேஸ்டா மேடம்?" என்று மாணவியின் முகம் வாடியது.

அடுத்த தட்டைப் பார் என்றேன். அதில் ஐஜிஜி1, ஐஜிஜி2சி என்று வகை பிரித்திருந்தோம். ஆலம் கூட்டத்தில் ஐஜிஜி1 கொழிக்கிறது, 2சி அடியில் கிடக்கிறது. சிபிஜி சேர்ந்த கூட்டத்தில் 2சி கிண்ணென்று ஏறியிருக்கிறது. ஐஜிஜி1 வந்தால் உதவி டி-செல்கள் இரண்டாம் வகைப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று அர்த்தம், நச்சை முடக்க அது போதும். 2சி வந்தால் முதல் வகை, இன்டர்ஃபெரான் பக்கம். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்கு அதுதான் வேண்டும். மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று எழுதியிருந்தால் பரிசோதனையே வீண். பத்திரிகைகளில் "ஆன்டிபாடி இத்தனை மடங்கு" என்று மட்டும் போடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்து ஐஜிஜி2ஏ கிட் வாங்கலாம் என்று மாணவி சொல்லியிருந்தாள். பிளாக்-6 எலிக்கு 2ஏ மரபணுவே கிடையாது, 2சிதான். பால்ப்-சி எலிக்குத்தான் 2ஏ. இதைக் கவனிக்காமல் வந்த கட்டுரைகள் ஏராளம்.

ஜூலை 14, திங்கள்

குழுக் கூட்டத்தில் முடிவைக் காட்டினேன். அவ்வளவு துள்ள வேண்டாம் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். சிபிஜியை உணரும் டோல்-9 ஏற்பி எலியில் பலவகை டென்ட்ரிட்டிக் செல்களிலும் மேக்ரோஃபேஜிலும் இருக்கிறது. மனிதரில் பெரும்பாலும் பி-செல்லிலும் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்லிலும் மட்டும். அதனால் எலி எப்போதும் சிபிஜியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஆனாலும் மனிதரிலும் வேலை செய்கிற பொருள்தான். ஹெபடைடிஸ்-பி ஊசியான ஹெப்லிசாவ்-பி, ஹைதராபாத்தின் கொரோனா ஊசியான கோர்பெவாக்ஸ் இரண்டிலும் சிபிஜி 1018 இருக்கிறது. கோவாக்ஸினில் வேறு வழி, ஆலத்திலேயே டோல்-7, 8 ஏற்பிகளைத் தூண்டும் மூலக்கூறை ஒட்டியிருக்கிறார்கள்.

பேச்சு காசநோய்க்குப் போனது, போகாமல் இருக்காது. செங்கல்பட்டு பிசிஜி பரிசோதனை 1968இல் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. இப்போது நம்பிக்கை எம்72 மீது. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்த ஒன்று, அட்ஜுவன்ட் அதே ஏஎஸ்01 குடும்பம். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் ஏற்கெனவே தொற்று இருந்த பெரியவர்களில் மூன்றாண்டுப் பாதுகாப்பு சுமார் 50 சதவீதம். பெரிய மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது.

யாரோ நார்கோலெப்சி பற்றிக் கேட்டார்கள். 2010இல் பின்லாந்திலும் சுவீடனிலும் பான்டெம்ரிக்ஸ் பன்றிக்காய்ச்சல் ஊசிக்குப் பிறகு பிள்ளைகளிடம் அந்தத் தூக்க நோய் கூடியது உண்மை. பழி உடனே ஏஎஸ்03 அட்ஜுவன்ட் மேல் விழுந்தது. அதே அட்ஜுவன்ட்டோடு கனடாவில் தயாரான ஊசியில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. பிரச்சினை இன்னும் தீரவில்லை. இதை மூடி மறைக்கவும் கூடாது, எல்லா அட்ஜுவன்ட்டுக்கும் பொதுவாக்கவும் கூடாது.

ஜூலை 18, வெள்ளி

அடுத்தது கிழட்டு எலிகள். இதே மூன்று கூட்டம், ஒன்றரை வயது தாண்டியவை. வாங்க முடியாது, நாங்களே வளர்த்து வயதேற்ற வேண்டும், அதற்குள் சில தானாகவே செத்துப்போகும். அதைக் கணக்கில் வைத்து எண்ணிக்கை கேட்டிருந்தேன். விலங்கு நெறிமுறைக் குழு, ஏன் இத்தனை எலி என்று திருப்பிக் கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. இப்போது கிடைத்த வித்தியாசத்தின் அளவை வைத்துப் புள்ளியியல்காரரோடு உட்கார்ந்து திரும்பக் கணக்கிட்டதில், சிபிஜி கூட்டத்தில் நான்கு எலியைக் குறைக்கலாம் போலிருக்கிறது. ஆலம் கூட்டத்தில் குறைக்க முடியாது, அங்கே 2சி எலிக்கு எலி அவ்வளவு சிதறுகிறது. இதைப் படிவத்தில் எழுதித் திங்களுக்குள் கொடுக்க வேண்டும்.