52-இல் 27 போனால்

கழித்தலில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க 52 − 27 கொடுக்கிறோம். விடை 25. பலர் 35 என்று எழுதுவார்கள். இந்த 35 இரண்டு வழியில் வரும். 2-இல் 7 போகாது என்றதும் தலைகீழாக 7-இல் 2-ஐக் கழித்து 5 போடுபவர்கள் உண்டு. கடன் வாங்கி 12-இல் 7-ஐச் சரியாகவே கழித்துவிட்டு, பத்துகள் இடத்து 5-ஐ 4 ஆக்க மறப்பவர்களும் உண்டு. முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குவதே பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஒரே ஒரு படிதான் விட்டுப்போகிறது. இருவருக்கும் ஒரே பூஜ்யம் போடுவது அநியாயம்.

53 − 27 என்று கேட்டால் போதும். முதல் தவறு 34 தரும், இரண்டாவது 36 தரும். ஒன்றுகள் இட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பலவுள் தெரிக வினாவாக்கினால் 26, 34, 36, கூட்டிவிட்டவருக்கு 80.

சரியான விடையும் ஏமாற்றும். 0.45, 0.6 இவற்றில் எது பெரியது? 45 பெரிது என்று எண்ணுபவர் மாட்டிக்கொள்வார். புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று நம்பும் பிள்ளையோ 0.6 என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கிவிடும். கூடவே 0.7, 0.83 கேட்டால்தான் அது வெளியே வரும்.

பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் புரிதலை அறியும் வளரறி மதிப்பீட்டுக்குப் பாடவேளையின் கடைசி 5 நிமிடமும் ஒரு துண்டுச் சீட்டும் போதும். சீட்டுகளுக்கு மதிப்பெண் போடாமல் தவறு வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். எந்த வகையிலும் சேராத கட்டு பெரிதாக இருந்தால் கேள்வியின் வாசகத்தைச் சந்தேகப்படுங்கள். 'கவனம் தேவை' என்று எழுதுவதால் பயனில்லை. '5-ஐ அடித்து மேலே 4 எழுதிவிட்டுக் கழி' என்றால் பிள்ளைக்குச் செய்ய ஏதோ இருக்கிறது. பக்கத்தில் மதிப்பெண்ணையும் போட்டால் கண் அங்கேதான் போகும். 1988-இல் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. குறிப்பைச் செய்து பார்க்க மறுநாள் வகுப்பிலேயே நேரம் கொடுக்க வேண்டும்.

நெடுவினாக்களில் ஆபத்து திருத்துபவரிடமே இருக்கிறது. முதல் விடை நன்றாக இருந்தால் அடுத்த விடைக்கும் கை தாராளமாகிவிடும். ஒரு தாளை முழுவதும் திருத்தாமல், எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்து, கட்டைக் கலைத்து அடுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். பெயர் இருக்கும் பக்கம் மடங்கியே இருக்கட்டும்.