ஆயிரம் டாலர் நிபுணர்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து அந்தோனி ரே ஹின்டன் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

1985. பர்மிங்ஹாம் பக்கம் உணவகக் கொள்ளைகளில் இரண்டு மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவது சம்பவத்தில் உயிர் தப்பியவர் ஹின்டனை அடையாளம் காட்டினார். அந்தச் சம்பவம் நடந்த நேரத்தில் ஹின்டன் சுமார் 15 மைல் தள்ளி, பூட்டிய கிடங்குக்குள் இரவு வேலையில் இருந்தார். மேற்பார்வையாளரே அதைச் சொன்னார். யார் கேட்டது? 'நீ கறுப்பன், ஜூரி வெள்ளையர்களாக இருப்பார்கள், போதும்' என்கிற தோரணையில் துப்பறிவாளர் பேசியதாக ஹின்டன் பின்னாளில் சொன்னார்.

இருந்த ஒரே தடயம், அவர் அம்மாவின் பழைய ரிவால்வர். தோட்டாக்கள் அதிலிருந்துதான் வந்தன என்றது அரசுத் தரப்பு. அதை மறுக்க நிபுணர் தேவை. நீதிமன்றம் கொடுத்த வக்கீலோ, 1,000 டாலருக்கு மேல் கிடைக்காது என்று நம்பிவிட்டார். அந்த உச்சவரம்பை ஏற்கெனவே சட்டம் நீக்கியிருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்! அந்தக் காசுக்கு வந்த பொறியாளருக்கு ஒரு கண்ணில்தான் பார்வை, மைக்ராஸ்கோப்பைக் கையாளவும் தடுமாறினார். அரசு வக்கீல் அவரைக் கேலிப்பொருளாக்கினார். மரண தண்டனை.

பிரையன் ஸ்டீவன்சனின் சட்ட உதவி அமைப்பு வழக்கை எடுத்தது. 2002-இல் மூன்று தேர்ந்த நிபுணர்கள், தோட்டாக்களை அந்தத் துப்பாக்கியோடு பொருத்த முடியாது என்று சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டில் அம்மா இறந்துபோனார். மாநில அரசு அசையவில்லை. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, வக்கீலின் வாதாடல் குறைபாடுடையது என்றது. அப்புறம்தான் அரசே மறுபடி சோதித்துப் பார்த்தது. பொருந்தவில்லை. 2015 ஏப்ரலில் வெளியே வந்தார், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து.

என்னால் ஜீரணிக்க முடியாதது அந்த 2002-க்குப் பிந்தைய ஆண்டுகள்தான். முதல் தீர்ப்பைத் தப்பு என்றாவது சொல்லலாம், இதை என்னவென்று சொல்வது?