மாவுக்கட்டும் ஹூபர்மனும்

டிசம்பர் 19, 2024

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு ஒன்பது நாள். வயலின் பெட்டி பீரோ மேல் ஏறிவிட்டது. வாசிக்கத்தான் முடியாது, கேட்கவாவது செய்யலாம் என்று வயலின் மேதை பிரோனிஸ்லாவ் ஹூபர்மனை எடுத்துக்கொண்டேன். பார்த்தால் இன்று அவர் பிறந்த நாள். 1882, போலந்தின் செஸ்டொஹோவா நகரம்.

1928-இல் அவர் பதிவு செய்த சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்டோ, அதாவது ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு வயலின் முன்னின்று வாசிக்கும் படைப்பு. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஸ்டைன்பெர்க். பழைய இசைத்தட்டின் கரகரப்பைத் தாண்டி அந்த வயலின் நேராக வந்து பேசுகிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரலை இழைத்தபடியே போகிறார். நம் இசையில் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. இன்றைய மேடைகளில் இதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. கடைசிப் பகுதியின் வேகத்தில் தந்தி அறுந்துவிடுமோ என்று பயந்தேன். மூன்று முறை கேட்டேன்.

டிசம்பர் 20

1896 ஜனவரி, வியன்னா. 13 வயது ஹூபர்மன் பிராம்ஸின் வயலின் கான்செர்டோவை வாசிக்கிறான். கேட்பவர்களில் பிராம்ஸும் இருக்கிறார். பிராம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மாக்ஸ் கால்பெக் இதைச் சொல்லியிருக்கிறார். மெதுவான பகுதியில் பிராம்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். முடிந்ததும் உள்ளே போய்ப் பையனை அணைத்துக் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாராம்.

பையனுக்கோ ஒரு குறை. ஆர்க்கெஸ்ட்ரா ஒதுங்கி வயலின் மட்டும் வாசிக்கும் காடென்ஸா முடிந்த கையோடு ஜனங்கள் கைதட்ட, அடுத்து வரும் மெட்டு அதில் மூழ்கிவிட்டது. அப்படியானால் நீ காடென்ஸாவை அவ்வளவு அழகாக வாசித்திருக்கக் கூடாது என்றாராம் பிராம்ஸ்.

இன்று அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். வயலின் தனிமையிலிருந்து மெல்ல இறங்கி வர, ஆர்க்கெஸ்ட்ரா அதைக் கையில் ஏந்திக்கொள்கிறது. பையன் வருந்தியதில் நியாயம் இருக்கிறது.

டிசம்பர் 22

ஹூபர்மனிடம் 1713-இல் செய்த ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் ஒன்று இருந்தது. 1919-இல் வியன்னா ஹோட்டல் அறையிலிருந்து திருட்டுப் போய்ச் சில நாளில் கிடைத்தது. 1936 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் மறுபடி போனது. மேடையில் அவர் தன் இன்னொரு வயலினான குவார்னேரியை வாசித்துக்கொண்டிருக்க, உள்ளறையில் இருந்ததை யாரோ எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின் கலைஞர் 1985-இல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். ஷூ பாலிஷ் பூசி மறைத்து, ஐம்பது வருடம் அதை அவர் வாசித்து வந்திருக்கிறார். இப்போது அது வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் கையில் இருக்கிறது.

டிசம்பர் 23

வலி. இன்று எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 24

திருட்டுச் செய்தியை விட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த மாதம் நடந்தது. ஹூபர்மன் யூதர். 1933-இல் ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பெர்லினுக்கு வாசிக்கக் கூப்பிட்டபோது மறுத்தவர். 1936 மார்ச்சில் ஜெர்மன் அறிவாளிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. நாஜிகளின் கொடுமையை வாய்மூடிப் பார்த்திருந்த உங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பதுதான் சாரம். வயலின் தொலைந்த துக்கம் ஆறுவதற்குள் இதை எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 26

88 வருடத்துக்கு முன் இதே நாள், டெல் அவிவ். ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலிருந்து யூதர் என்பதற்காகத் துரத்தப்பட்டவர்களைத் தேடித் தேடி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சுமார் 70 பேரைச் சேர்த்து ஒரு புதிய ஆர்க்கெஸ்ட்ரா அமைத்திருந்தார் ஹூபர்மன். பணம் திரட்ட ஐன்ஸ்டைனும் துணை நின்றார். குடும்பங்களையும் சேர்த்தால் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் வரை என்கிறார்கள். ஒத்திகை பார்த்துத் தயார் செய்தவர், 1928 பதிவை நடத்திய அதே ஸ்டைன்பெர்க். முதல் கச்சேரியை நடத்த இத்தாலிய நடத்துநர் டோஸ்கனினி சம்பளம் வாங்காமல் வந்தார்.

நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். ரோசினி, ஷூபர்ட், மெண்டல்சோன், வெபர், நடுவில் பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி. வயலின் கான்செர்டோ கிடையாது. இத்தனையும் செய்தவர் அன்று தனக்கென்று ஒரு உருப்படி வைத்துக்கொள்ளவில்லை. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 29

1937 அக்டோபர், சுமத்ரா. ஹூபர்மன் போன விமானம் விழுந்தது. இடது மணிக்கட்டும் விரல்களும் முறிந்தன. எனக்கும் அதே மணிக்கட்டுதான், ஆனால் அவருக்கு அப்போது 54 வயது. விரல்களைப் புதிதாகப் பழக்கி 1938-இல் மேடைக்குத் திரும்பினார். 1947-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

செஸ்டொஹோவாவின் புதிய யூதக் கோயிலை 1939 டிசம்பரில் ஜெர்மானியர்கள் எரித்தார்கள். போருக்குப் பிறகு அதே மனையில் ஊரின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்கான அரங்கைக் கட்டினார்கள். இன்று அதற்கு ஹூபர்மன் பெயர். ஒரு மாலை அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, யார் வாசித்தாலும் சரி, பிராம்ஸ் கான்செர்டோ கேட்க வேண்டும். காடென்ஸா முடியும் இடத்தில் நான் கைதட்ட மாட்டேன்.