சிங்கராஜாவா, ஹோர்ட்டன் சமவெளியா: ஒரு பறவைப் பயணத்தின் நாட்குறிப்பு

2024 நவம்பர் 10, ஞாயிறு

பிப்ரவரியில் ஆறு நாள் விடுப்பு கிடைத்துவிடும் என்று அண்ணன் மகள் இன்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். இலங்கைக்குப் போவதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம். அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் இன்றைய பட்டியல்களின்படி 34. வகைப்பாட்டு அறிஞர்கள் ஒன்றைப் பிரிப்பதையும் இரண்டைச் சேர்ப்பதையும் பொறுத்து இந்த எண் சற்றே கூடும், குறையும்.

தீவுக்குள் எங்கே என்பதில்தான் வழக்கு. தென்மேற்கில் தாழ்நில மழைக்காடான சிங்கராஜா வேண்டும் என்கிறாள் அவள். நுவரெலியாவுக்கு மேலே, 2,100 மீட்டர் உயரத்தில், மேகம் தவழும் குட்டை மரக்காடுகளைக் கொண்ட ஹோர்ட்டன் சமவெளி வேண்டும் என்கிறேன் நான். இரண்டையும் பார்த்துவிடலாமே என்று அண்ணி கேட்டார். ஆறு நாளில் போக வர இரண்டு நாள் கழிந்துவிடும் என்பதையும், எஞ்சிய நான்கையும் இரண்டாகக் கிழித்தால் எந்தக் காட்டையும் பார்த்ததாக ஆகாது என்பதையும் அவருக்கு விளக்கினோம்.

நவம்பர் 24, ஞாயிறு

என் தரப்பை இங்கே எழுதி வைக்கிறேன். தாழ்நிலக் காட்டில் பறவைகள் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவை இருக்கும் இடம் தரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில், பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் இலைக் கூரையில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கரிய வடிவமும் அடிவயிறும்தான். கீழே புதருக்குள் திரியும் பறவைகளோ இருட்டிலேயே வாழ்பவை. ஆகவே அந்தக் காட்டில் பறவை பார்ப்பது என்பது முதலில் பறவை கேட்பதுதான். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே பைனாகுலர் மேலே எழும்.

என் காதுகளின் நிலைமை சென்ற ஆண்டே தெரிந்துவிட்டது. செவித்திறன் சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் வரை சமாளிக்கும் கோடு, அதற்கு மேல் இரு காதுகளுக்கும் கிணற்றுக்குள் இறங்குவதைப் போல இறங்குகிறது. அறுபத்திரண்டு வயதில் இது இயல்புதான் என்றார் மருத்துவர். பறவை பார்ப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மேகக் காட்டில் இந்தச் சிக்கல் குறைவு. ஓயாத காற்றாலும் குளிராலும் மரங்கள் குட்டையாகி, முடிச்சு முடிச்சாகத் திருகி, உச்சி குடையைப் போல் தட்டையாகிவிடுகின்றன. மரத்தின் உச்சியே சில இடங்களில் நம் தலைக்குச் சற்று மேலேதான். இனங்கள் குறைவாக இருந்தாலும், மஞ்சள் காது சின்னானும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் மங்கிய நீல ஈப்பிடிப்பானும் கண்மட்டத்திலேயே வந்து அமரும் என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். காது கேளாதவனுக்குக் கண்ணால் பார்க்கும் காடு. இதைவிட நேர்மையான வாதம் என்ன வேண்டும்?

அவள் மறுப்பு இரண்டே வரியில் வந்தது. மேட்டில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிட்டால் கண்ணும் பயன்படாது. மேலும் சோலைக்காடு வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் இருப்பவர்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை, ஊட்டி பேருந்தில் ஏறினால் போதும். இரண்டாவது வாதம் சற்றே குத்தியது.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று என் வாதத்தை நானே உடைத்துக்கொண்டேன்.

ஸீனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் பதிவு செய்த பறவைக் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயணத்துக்கு முன் இரு காடுகளின் குரல்களையும் பழகிக்கொள்ளலாம் என்று மாலையில் இருவரும் அமர்ந்தோம். பச்சை அலகுச் செம்போத்தின் குரல் குடத்துக்குள் ஊதியதைப் போல் இருந்தது, நன்றாகவே கேட்டது. செம்மூக்குத் தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு கேட்டது. துடுப்புவால் கரிச்சானின் குடும்பத்தைச் சேர்ந்த இலங்கைக் கரிச்சானின் உலோக மணி போன்ற குரலும் கேட்டது. பிறகு செரண்டிப் சிற்றாந்தை: தாழ்ந்த, மெல்லிய ஒற்றை அசை, இடைவெளி விட்டு மீண்டும் அதே அசை. அதையும் தவறாமல் விரல் விட்டு எண்ணினேன்.

அடுத்து மேட்டுக்காட்டின் அரசன் என்று நான் நினைத்திருந்த இலங்கைச் சீகாரப் பூங்குருவி. நம் மலைகளில் பள்ளிச் சிறுவனைப் போல் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவியின் உறவுக்காரன் இது. அவள் ஒலிப்பொத்தானை அழுத்தினாள். பின்னணியில் ஓடை நீரின் இரைச்சல் மட்டும் வந்தது. "தொடங்கவில்லையா?" என்று கேட்டேன். "ஏழு முறை கூப்பிட்டுவிட்டது, சித்தப்பா" என்றாள். திரையில் ஒலி வரைபடத்தின் மேல் விளிம்பில் சின்னஞ்சிறு கீறல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. என் கோடு கிணற்றுக்குள் இறங்கும் இடத்துக்கு வெகு மேலே அந்தப் பறவை பாடுகிறது.

அது கண்ணுக்கும் எளிதில் அகப்படாதது என்பதை இந்த முறைதான் கவனமாகப் படித்தேன். கருக்கலிலும் அந்தியிலும் ஓடைக்கரை இருட்டில் ஓரிரு நிமிடம் வெளிப்பட்டு மறைந்துவிடுமாம். இருக்கிறதா இல்லையா என்று தெரிவதே அந்தக் குரலால்தான்.

இந்தப் பூங்குருவிக்கும் செரண்டிப் சிற்றாந்தைக்கும் வரலாற்றில் ஓர் உறவு உண்டு. பூங்குருவி 1868-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு இலங்கையில் அறிவியலுக்குப் புதிய பறவை என்று எதுவும் கிடைக்கவில்லை. 1995-இல் கித்துள்கலைக் காட்டில் இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அடையாளம் தெரியாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் பார்க்க அவருக்கு 2001 வரை, அதுவும் சிங்கராஜாவில், காத்திருக்க வேண்டியிருந்தது. 2004-இல் செரண்டிப் சிற்றாந்தை முறைப்படி விவரிக்கப்பட்டது. ஆறு ஆண்டு வெறும் குரலாக இருந்த ஒரு பறவையின் குரல் எனக்குக் கேட்கிறது என்பது இன்றிரவு என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

முடிவு செய்துவிட்டோம். சிங்கராஜாவின் குடாவ வாயில் பக்கம் நான்கு இரவுகள். நுவரெலியாவில் ஒரே ஓர் இரவு, ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு விடியற்காலை. வழக்கில் நான் தோற்றாலும் ஒரு காலையைப் பேரம் பேசி வாங்கிவிட்டேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு வளைவுச் சாலையில் ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு பகல் வேனிலேயே கழியும். அந்தப் பகலைப் பிப்ரவரி 12-இல் வைத்திருக்கிறோம். அன்று பௌர்ணமி, அங்கே போயா என்னும் பௌத்த விடுமுறை. பூங்கா முழுக்க உள்ளூர்ச் சுற்றுலாக் கூட்டம் இருக்கும் நாளில் சாலையில் இருப்பதே மேல்.

என் மனத்தை மாற்றியது காது மட்டும் அன்று. மேட்டுக்காட்டின் தன்மை எனக்கு ஏற்கெனவே பழக்கம். நீலகிரியின் அவலாஞ்சியிலும் கொடைக்கானலிலும் அதே பாசி, அதே தாடிப் பூஞ்சணம், அதே ரோடோடென்ட்ரான் பூ. பறவைகள் வேறாக இருக்கலாம், காடு உறவுதான். தாழ்நில ஈரக்காடு அப்படியில்லை. கேரளத்தின் தட்டேக்காட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன், அருமையான இடம். ஆனால் அது தேக்கும் ரப்பரும் சூழ்ந்த ஆற்றங்கரைக் காடு. 1970-களில் மரம் வெட்டும் எந்திரங்கள் புகுந்து, எதிர்ப்பின் பேரில் நிறுத்தப்பட்டு, 1988-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜாவைப் போன்ற அடர்ந்த, தொடர்ச்சியான தாழ்நிலக் காட்டுக்குள் நான் நின்றதே இல்லை. குளிர் நாட்டிலிருந்து வரும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.

தைப்பூசம் பிப்ரவரி 11-இல் வருகிறது, மருதமலைக்கு யார் போவது என்று அண்ணி கேட்டிருக்கிறார். பதில் சொல்லும் பொறுப்பு அவர் மகளுடையது.

2025 ஜனவரி 19, ஞாயிறு

முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை இரண்டு சோடி வந்து சேர்ந்தது. மேட்டுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று. அங்கே இந்த மாதங்களில் விடியலில் புல்லின் மேல் உறைபனி படியுமாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு தட்பவெப்பம்.

பிப்ரவரி 9, ஞாயிறு, குடாவ

நேற்று இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் காட்டில், ஆண்டிலேயே வறண்ட மாதம் என்று கருதப்படும் பிப்ரவரியில், காலை ஆறு மணிக்குத் தொடங்கிய மழை பிற்பகல் இரண்டு வரை நிற்கவில்லை. விடுதித் தாழ்வாரமே காடு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பலனும் கிடைத்தது. இரவு விளக்கடியில் வந்து ஒட்டிய விட்டில்களைப் பொறுக்க நீல மேக்பைகள் மூன்று விடிந்ததும் வந்துவிட்டன. செந்நிற அலகு, செந்நிறக் கால், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், செம்பழுப்புத் தலை, உடலெல்லாம் நீலம். ஒன்று சுவரில் ஒட்டியிருந்த பெரிய விட்டிலைப் பிடித்து, இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து உதிர்த்துவிட்டு, உடலை மட்டும் விழுங்கியது. உதிர்ந்த இறக்கை என் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

மூன்று மணிக்குக் காட்டுக்குள் நடந்தோம். அரை மணி நேரம் எதுவுமே இல்லை; ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு வழிகாட்டி கையை உயர்த்தினார், சளசளப்பு நெருங்கியது, காடு முழுவதும் ஒரே நேரத்தில் உயிர்பெற்றதைப் போல் இருந்தது. இங்கே 1980-களிலிருந்து ஆராயப்படும் கலப்புக் கூட்டம் இது. சராசரியாக ஒரு கூட்டத்தில் 40 பறவைகள், 11 இனங்கள் அளவுக்குச் சேர்ந்து இரை தேடுகின்றன. முன்னால் தவிட்டுக்குருவிகள் இலையைக் கிளறிக்கொண்டு போக, கரிச்சான் காவல்காரனைப் போல் மேலிருந்து பார்த்து, கிளம்பும் பூச்சிகளைக் கவர்கிறது. கரிச்சான் மற்ற பறவைகளின் குரல்களைப் போலி செய்து அவற்றைக் கூட்டத்துக்கு ஈர்ப்பதையும் இங்கே கண்டறிந்திருக்கிறார்கள். செம்முகப் பூங்குயில் இரண்டு தலைக்கு மேலே உச்சியில் தாவின. ஒன்றின் வெள்ளை வயிற்றையும் வால் நுனியையும் மட்டும் பார்த்தேன். நவம்பரில் எழுதியதில் அந்த ஒரு பகுதி பொய்க்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் கடந்துபோய்விட்டது.

அட்டைகள் காலுறையைத் தாண்டி இடுப்பில் ஏறியிருந்தன.

பிப்ரவரி 11, செவ்வாய், குடாவ

நேற்று அந்தியில் காட்டு விளிம்பில் நின்றிருந்தபோது சிற்றாந்தையின் குரலை முதலில் கேட்டவன் நான். பெருமைக்காக எழுதவில்லை, அவள் பூச்சிகளின் ரீங்காரத்துக்குள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள், எனக்கு அந்த ரீங்காரமே பாதிதான் கேட்கும் என்பதால் ஆந்தை தனியாக வந்தது. வழிகாட்டி என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

இன்று காலை அவர் எங்களைப் பாதையில் நிறுத்திவிட்டு, அசையக்கூடாது என்று சைகை காட்டிப் புதருக்குள் தனியாகப் போனார். நாற்பது நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்து, ஒவ்வொருவராகக் குனிந்து தவழ்ந்து வரச் சொன்னார். காய்ந்த பெரணி இலைகள் மாட்டித் தொங்கிய கொடிச் சிக்கலில், என் முழங்கால் உயரத்தில், கைக்கு அடக்கமான ஒரு செம்பழுப்பு உருண்டை. காதுத் தூவிகள் இல்லை. உடலெங்கும் மிளகைப் பொடித்துத் தூவியதைப் போல் சிறு கரும்புள்ளிகள். ஒரு கண்ணை மட்டும் கோடாகத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. புகைப்படம் எடுக்க அவளுக்கு இரண்டு நொடி தந்துவிட்டு வழிகாட்டி எங்களைப் பின்வாங்கச் சொன்னார். பகலில் தூங்கும் இடத்தை அடிக்கடி கலைத்தால் பறவை அந்த இடத்தையே விட்டுவிடும்.

பிப்ரவரி 12, புதன், நுவரெலியா

இரத்தினபுரி வரை வழியெங்கும் வெள்ளை உடுத்திய மக்கள் விகாரைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரம் என்று கணக்கிட்ட சாலை ஏழரை மணி நேரம் ஆயிற்று. பறவை என்று சொல்ல எதுவுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன், விமான நிலையம்

வேன் ஓட்டுநர் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். நான்கு நாள் சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசிய பிறகு தமிழ் கேட்டது காதுக்கு விருந்து. "ஆறு மணிக்குத்தான் கேட் திறப்பாங்க ஐயா, ஆனா நம்ம வண்டிதான் மொத வண்டி" என்றார், அப்படியே நடந்தது. பிளாஸ்டிக் உறைகளைச் சோதித்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். புல்வெளி வெளுத்திருந்தது. மிளா மான் ஒன்று மூச்சுப்புகையுடன் சாலையோரம் நின்றது.

சாலையை ஒட்டிய குளத்தருகே இறங்கினோம். ஓடை, பாசி மூடிய வேர்கள், அதற்குப் பின்னால் இருட்டு. நான் நீரோரத்துக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசவில்லை, ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். விரல் முதலில் இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு நேரே, பிறகு வலப்பக்கம். அவள் விரலைத் தொடர்ந்து பைனாகுலரை நகர்த்தியபோது, வேரின் மேல் கோழிக்குஞ்சின் அளவில் ஒரு கருநீலம் நகர்ந்து, தோளில் ஒரு கணம் பளபளத்து, மறைந்தது. விரல் இன்னும் இரண்டு முறை உயர்ந்தது.

பத்தரைக்கு மூடுபனி ஏறியது. அதற்குள் வெள்ளைக்கண்ணிகள், சின்னான், காட்டுப்புறா எல்லாம் கண்மட்டத்திலேயே கிடைத்தன. கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அதன் மடிப்பில் ஒரு சிங்கராஜா அட்டை உயிரோடு இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.